வெளியீட்டு விழாவும் நிறைவு விழாவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஓர் இலக்கிய அமைப்புக்குப் பத்தாண்டு என்பது எளிய அகவையன்று. ஆர்வத்தோடு தொடங்கி, மூன்றாம் ஆண்டில் மூச்சுவாங்கி, ஐந்தாம் ஆண்டில் அடங்கிப்போன அமைப்புகள் பலவற்றை இந்தக் குடந்தை மாநகரம் கண்டிருக்கிறது. நம் வட்டமோ மழை வந்தாலும், தேர்வு வந்தாலும், தேர்தல் வந்தாலும், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தவறாமல் கூடியிருக்கிறது. வாடகை மன்றம் கிடைக்காத நாளில் செயலாளர் வீட்டுத் திண்ணையிலும் கூடியிருக்கிறது. இந்த உழைப்புக்கு முதலில் தலைவணங்குகிறேன்.

விழா மலருக்காக 'நூல்களைப் படிப்பதனால் விளையும் நன்மைகள்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இது மிக எளிய தலைப்பு. கல்வி, கல்லாமை, கேள்வி ஆகிய அதிகாரங்களிலிருந்து பத்துக் குறள்களை அடுக்கிவிட்டால் அரைமணி நேரம் ஓடிவிடும், கைதட்டலும் கிடைத்துவிடும். ஆயினும் அப்படிப் பேச இன்று என் மனம் இடந்தரவில்லை. இந்த அவையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டே நன்மைகளைச் சொல்லும் தகுதியைப் பெற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மூத்த கவிஞர் ஒருவர் தம் முதல் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். பணி ஓய்வில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு அச்சிட்ட நூல் அது. ஆய்வுரை வழங்க என்னை அழைத்திருந்தார். நூல் என் கைக்கு வந்து இருபது நாட்கள் ஆகியிருந்தன. விடைத்தாள் திருத்தும் வேலை, வீட்டு வேலை என்று நாட்கள் கழிந்தன. விழா நாளன்று பேருந்தில் அமர்ந்து அணிந்துரையையும் முதல் மூன்று கவிதைகளையும் கடைசிக் கவிதையையும் படித்தேன். மேடையேறி இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பலரும் பாராட்டினார்கள்.

விழா முடிந்தபின் அக்கவிஞர் என்னிடம் வந்தார். "அம்மா, 32ஆம் பக்கத்துக் கவிதை தங்களுக்கு எப்படிப்பட்டது?" என்று கேட்டார். "மிக நன்றாக இருந்தது ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைகூப்பிவிட்டு நாற்காலிகளை எடுத்து அடுக்கப் போய்விட்டார். இரவு வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். கவிதை பாதியில் நின்றிருந்தது. அச்சுக் கோளாறினால் இறுதி நான்கு வரிகள் விடுபட்டுப் போயிருந்தன. 'என் தாய் அன்று சொன்னது' என்று தொடங்கும் தொடருக்குப் பின் வெற்றிடம்! தாய் என்ன சொன்னாள் என்பது நூலில் எங்குமே இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சினங்கொள்ளவில்லை. "நீங்கள் மட்டுமில்லை அம்மா. நூறு பிரதிகளுக்குமேல் கொடுத்திருக்கிறேன். உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை" என்றார். பிறகு அந்த நான்கு வரிகளையும் என் பிரதியில் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். முனைவர் பட்டம் பெற்ற நாளில் நான் அடைந்த பெருமை அனைத்தும் அந்த நான்கு வரிகளின்முன் தலைகவிழ்ந்து நின்றது.

நண்பர்களே! இக்குற்றம் என்னுடையது மட்டுமாக இருந்தால் இங்கே சொல்லத் தேவையில்லை. இன்றைய உரைக்காகச் செயலாளரிடமிருந்து பத்தாண்டு அழைப்பிதழ்களை வாங்கிப் பார்த்தேன். அவர் அவற்றை நாள் வரிசையில் கோத்து வைத்திருக்கிறார். கவியரங்கம் இல்லாத மாதம் இல்லை. நூல் வெளியீடு இல்லாத ஆண்டு இல்லை. 'படித்த நூல் பற்றிய கலந்துரையாடல்' என்னும் வரியை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுதுவோர் பெருகியிருக்கிறோம், மகிழ்ச்சி. ஆனால் எழுதுவோர் எல்லோரும் படிப்போராகவும் இருக்கிறோமா? தம் கவிதையை வாசித்து முடித்ததும், அடுத்தவர் கவிதைக்குக் காத்திராமல், வண்டியைத் தேடி எழுந்து செல்வோர் நம்மிடையே இல்லையா?

இந்தக் கேள்வியோடு இதே ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டுகிறேன்.

ஆண்டு 1880. காவிரிக் கரையிலுள்ள கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராகப் பணியேற்றிருந்தார் இருபத்தைந்து வயது இளைஞர் உ.வே. சாமிநாத ஐயர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் எனக் கற்றுத் தேர்ந்தவர். நீதித்துறை அலுவலராக இவ்வூருக்கு வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். முதலியார் கேட்டது ஒரே கேள்வி: என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள்? ஐயர் தாம் கற்ற நூல்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கும் பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என்று மேலும் வினவினார். அந்நூல்களை ஐயர் அதுவரை படித்ததில்லை.

அவர் அதைப் புண்பட்ட பெருமையாக எண்ணி ஒதுங்கியிருக்கலாம். கல்லூரி ஆசிரியர் என்னும் பதவி கையில் இருந்தது. புகழ்வோர் பலர் இருந்தனர். ஆனால் அவர் மீண்டும் முதலியாரிடம் சென்றார். சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைப் பெற்றார். அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொண்டு படிக்கத் தொடங்கினார். 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையும் கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றிக்கொண்டிருந்தார் என்பதையும் மறத்தலாகாது. முதலியாரின் பெயரில் ஒரு காப்பியம் இல்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி நமக்குக் காப்பியங்களை மீட்டுத் தந்தது. நல்ல வாசகர் ஒருவர் ஒரு மொழிக்கு என்ன செய்ய இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நான் அறியேன்.

இதன் தொடர்ச்சியாக நிகழ்ந்த இன்னொன்று நம் உள்ளத்தைத் தொட வேண்டும். சிந்தாமணி சமண காப்பியம். அதன் சமயக் கருத்துகள் ஐயருக்கு விளங்கவில்லை. எனவே இவ்வூரில் வாழ்ந்த சமணப் பெருமக்களின் இல்லங்களைத் தேடிச் சென்றார். அங்கே வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருந்தது, கோலமிட்டிருந்தது. திருமணமோ என்று எண்ணிக் காரணம் கேட்டார். ஆறு மாத காலமாகச் சிந்தாமணியைப் படித்துக் கேட்டு வந்ததாகவும், அன்று நூல் நிறைவு எய்தியதாகவும், அதற்காகவே அவ்விழா என்றும் விடை வந்தது. தமிழ் கற்ற புலவர் பலரும் படிக்காத நூலை, சமணக் குடும்பத்தார் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து வரிவரியாய்க் கேட்டு முடித்திருக்கிறார்கள்!

எண்ணிப் பாருங்கள். நாம் நூலை வெளியிட்ட நாளுக்குத் தோரணம் கட்டுகிறோம். அவர்கள் நூலைப் படித்து முடித்த நாளுக்குத் தோரணம் கட்டினார்கள். நம்முடையது வெளியீட்டு விழா. அவர்களுடையது நிறைவு விழா. வெளியீட்டு விழாவில் நூல் பிறக்கிறது என்பது உண்மை. ஆனால் பிறந்த குழந்தை வளர்வது எப்போது? எவரேனும் ஒருவர் அதை மடியிலெடுத்துக் கடைசிப் பக்கம்வரை உடன் செல்லும்போதுதான்.

விடுபட்ட வரிகளைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் ஐயர் வாழ்விலேயே பாடம் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் நீண்ட வரிசையாக வருவதை நீங்கள் அறிவீர்கள். அவருக்குக் கிடைத்த ஏடுகளில் அவ்வரிசையில் சில மலர்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. சில பூக்கள்தாமே, போகட்டும் என்று அவர் விடவில்லை. தருமபுர ஆதீனத்து ஏட்டுச் சுவடிகளில் தேடி அவற்றைக் கண்டெடுத்தார். 'உதிர்ந்த மலர்கள்' என்று அதுபற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கவிஞன் பாட்டில் சில பெயர்கள் குறைவதைக் கண்டு ஒருவர் உறக்கமின்றித் தேடியிருக்கிறார். நம்மோடு ஒரே வரிசையில் அமர்ந்து தேநீர் அருந்தும் கவிஞரின் நூலில் நான்கு வரிகள் காணாமற்போனதை நாம் அறியவில்லை. படித்தலுக்கும் புரட்டுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இனி, படிப்பதனால் விளையும் நன்மை என்ன என்பதற்கு வருகிறேன். அறிவு வளரும், சொல்வளம் பெருகும் என்பன எல்லோரும் அறிந்தவை. கவிஞர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. படிக்காத கவிஞன் தன்னையே திரும்பத் திரும்ப எழுதுகிறான். நிலவு, நதி, நெருப்பு, விடியல் என்று நான்கு சொற்களுக்குள் சுற்றி வருகிறான். தான் சுற்றுவதை அறியாமலே சுற்றுகிறான். பிறர் எழுதியதைப் படிப்பவனுக்கு முதலில் கிடைக்கும் பரிசு அடக்கம். தான் புதிதென எண்ணிய உவமை முன்பே ஒரு புலவன் நாவில் விளையாடியிருப்பதைக் காண்கிறான். அடுத்துக் கிடைக்கும் பரிசு துணிவு. இன்னும் சொல்லப்படாதது எது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அடக்கமும் துணிவும் சேர்ந்த இடத்தில்தான் நல்ல கவிதை முளைக்கிறது.

எல்லோரும் பெருங்காப்பியங்களையே படித்தாக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இவ்வூரின் இன்னொரு மைந்தர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். 1903ஆம் ஆண்டு, பள்ளி மாணவராக இருந்தபோது, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று இரவலாக அவர் கைக்கு வந்தது. தனிப்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தேர்வு எழுதும் மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான தேற்றங்களைச் சுருக்கமாக வரிசைப்படுத்திய நூல் அது. உலகின் மிகச் சிறந்த கணித நூல் என்று அதை எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உரிய கையில், உரிய வயதில் அது சேர்ந்தது. அதன்பின் நிகழ்ந்ததை உலகம் அறியும். எந்த நூல் எவரை எழுப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே நூல்கள் கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். அவரும் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். நூலகத்துக்கென்று அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது மூன்றாம் விதியின் கருத்து. அதே 1931இல் மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் தொடங்கப்பெற்றது. நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் சென்ற சாலையில் நூல் ஏற்றிய வண்டியும் சென்றது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியதும் நம் மாநிலமே, ஆண்டு 1948. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். வரி கட்டுகிறோம், நூலகத்தின் படியேறுகிறோமா? இந்த அவையில் எத்தனை பேரிடம் பொது நூலக உறுப்பினர் அட்டை இருக்கிறது? கையுயர்த்துமாறு கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. உங்கள் உள்ளத்துக்குள் நீங்களே கையுயர்த்திப் பாருங்கள்.

கைபேசி வந்து படிப்பைக் கெடுத்துவிட்டது என்று பலர் கூறக் கேட்கிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பழியனைத்தையும் கருவியின்மேல் போட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்தவர்கள் காணாத வாய்ப்பு நமக்கு வாய்த்திருக்கிறது. 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க நூல்கள் தொடங்கிப் பலவற்றை மின்வடிவில் ஏற்றியிருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. சிந்தாமணி இன்று சட்டைப் பையில் இருக்கிறது. அதைத் திறக்கும் விரல்தான் வேறெங்கோ ஓடுகிறது. ஆகவே குறை கருவியில் மட்டும் இல்லை, நம்மிடத்திலும் இருக்கிறது.

இளைஞர்கள் படிப்பதில்லை என்னும் குற்றச்சாட்டுக்கும் ஒரு விடை சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் பாடநூல் அல்லாமல் என்ன படித்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் மௌனமே விடையாகும். சென்ற ஆண்டு சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். "பொன்னியின் செல்வன் படிக்கிறேன் அம்மா. எனக்காக இல்லை, பாட்டிக்குக் கண் தெரியவில்லை, அதனால் இரவில் படித்துக் காட்டுகிறேன்" என்றாள். 1950களில் அந்நாவல் கல்கி இதழில் தொடராக வந்தபோது பாட்டியின் தாயார் வாரந்தோறும் படிக்க, சிறுமியாக இருந்த பாட்டி அருகிலிருந்து கேட்டாராம். இப்போது பேத்தி படிக்கிறாள். இடையிடையே, "அது இல்லை, அந்த இடத்தில் வேறு ஒரு பெயர் வரும், சரியாகப் படி" என்று பாட்டி திருத்துவாராம்! அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு சொல் விடுபட்டால் அந்த மூதாட்டிக்குத் தெரிகிறது. அவரை நான் முனைவர் என்பேன். அம்மாணவியை அவ்வகுப்பின் முதல் மாணவி என்பேன்.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் கால்மணி நேரம் ஒதுக்குவோம். 'இம்மாதம் என்ன படித்தீர்கள்?' என்னும் இராமசுவாமி முதலியாரின் கேள்வியை ஒருவரையொருவர் கேட்போம். படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்றே சொல்வோம். அதில் இழிவில்லை, ஐயரும் அப்படித்தான் சொன்னார்.

இரண்டாவது: உறுப்பினர் எவரேனும் நூல் வெளியிடும் முன்னர் மூவர் அதை முழுமையாகப் படித்து, பிழையும் குறையும் நயமும் அவரிடமே நேரில் சொல்வோம். மேடைப் பாராட்டைவிட அதுவே அவருக்கு நாம் செய்யும் சிறப்பு.

மூன்றாவது: ஆண்டுக்கு ஒரு நூலையேனும் வட்டமாகச் சேர்ந்து தொடக்கம் முதல் இறுதிவரை படிப்போம். பழந்தமிழ் நூலாயினும் சரி, நேற்று வெளிவந்த நூலாயினும் சரி. படித்து முடித்த நாளில் வாயிலில் தோரணம் கட்டி, கோலமிட்டு, நிறைவு விழா எடுப்போம். இவ்வூரில் ஒரு காலத்தில் இருந்த விழாதான் அது.

முதல் நூலாக எதை எடுத்துக்கொள்ளலாம் என்று செயலாளர் நேற்றே கேட்டார். தொடக்கத்தில் சொன்னேனே, அந்த மூத்த கவிஞரின் தொகுதியைப் பரிந்துரைத்திருக்கிறேன். அவர் இன்று உடல்நலம் குன்றி வீட்டில் இருக்கிறார். இவ்விழாவுக்கு வர இயலவில்லை. விடுபட்ட நான்கு வரிகளும் அவர் கையெழுத்தில் என் பிரதியில் இருக்கின்றன. அவற்றை இங்கே படித்துக் காட்ட மாட்டேன். நீங்கள் 32ஆம் பக்கம்வரை படித்து வாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவர் இல்லத்துக்குச் செல்வோம். தாய் அன்று என்ன சொன்னாள் என்று அவரிடமே கேட்போம். அவர் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் கேள்வி அது.